கவர் லெட்டரும் நேர்காணலுக்குப் பிந்தைய நன்றிக் கடிதமும்: எழுதும் முறை

பள்ளிக்கூடத்தில் பெரும்பாலோர் கற்றுக்கொண்ட முதல் கடிதம் விடுப்பு விண்ணப்பம்தான். அனுப்புநர், பெறுநர், பொருள், ‘மதிப்பிற்குரிய ஐயா’, காய்ச்சல் என்ற காரணம், ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’, கடைசியில் ‘தங்கள் கீழ்ப்படிந்துள்ள’. வளர்ந்து வேலைக்கு விண்ணப்பிக்க உட்காரும்போதும் கை தானாக அந்த அச்சுக்கே போகிறது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. விடுப்பு விண்ணப்பம் ஒரு மனு. கொடுக்கவும் மறுக்கவும் உரிமை உள்ளவரிடம் இரக்கத்தைக் கேட்பது. வேலை விளம்பரத்தில் கேட்பவர் நிறுவனத்தார். ‘இன்ன வேலை ஆகவேண்டும், செய்ய யார் இருக்கிறார்கள்?’ என்கிறார்கள். பயோடேட்டாவோடு சேர்த்து அனுப்பும் கவர் லெட்டர் அந்தக் கேள்விக்கான பதில். நேர்காணலுக்குப் பிறகு போகும் நன்றிக் கடிதம் அங்கே நடந்த பேச்சின் அடுத்த வாக்கியம். இரண்டிலும் பணிவு தேவை. கெஞ்சல் தேவையில்லை.

எழுதும் முன்: விளம்பரத்தை அலசுங்கள்

கவர் லெட்டருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அதில் பாதி விளம்பரத்தைப் படிப்பதற்குப் போகவேண்டும். விளம்பரத்தை ஒரு தாளில் அச்சிட்டோ, தனிக் கோப்பில் ஒட்டியோ வைத்துக்கொள்ளுங்கள். ‘கட்டாயம்’, ‘அவசியம்’ என்று சொல்லப்பட்டவற்றுக்கு அடிக்கோடு போடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் திரும்ப வரும் விஷயத்தை வட்டமிடுங்கள். உங்களிடம் இல்லாததற்குப் பக்கத்தில் கேள்விக்குறி இடுங்கள்.

வட்டமிட்டவைதான் முக்கியம். ஒரே விளம்பரத்தில் ‘காலக்கெடு’ என்ற சொல் மூன்று முறை வந்தால், அங்கே ஏதோ தாமதமாகிக்கொண்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். பொறுப்புகளின் பட்டியலில் முதலில் வரும் இரண்டு வரிகளும் பெரும்பாலும் அன்றாடம் செய்யவேண்டியவை. கடைசியில் வருபவை பல நேரங்களில் பழைய விளம்பரத்திலிருந்து அப்படியே வந்தவையாக இருக்கும்.

அடுத்து ஒரு தாளை நெடுக்காக இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் அவர்கள் கேட்பது, வலப்பக்கம் அதற்கு உங்களிடம் உள்ள சான்று. ‘கடின உழைப்பாளி’, ‘குழுவோடு ஒத்துழைப்பவர்’ என்பவையெல்லாம் சான்றாகாது. எப்படிப்பட்ட நிலைமை இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது என்ற மூன்றும் இருந்தால்தான் அது சான்று. மூன்றில் நடுவில் இருப்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ‘புகார்கள் பாதியாகக் குறைந்தன’ என்று மட்டும் எழுதினால், அது உங்களால் குறைந்ததா, நீங்கள் அங்கே இருந்தபோது தானாகக் குறைந்ததா என்று படிப்பவருக்குத் தெரியாது.

எண்கள் விற்பனைத் துறைக்காரர்களுக்கு மட்டுமே உரியவை என்று நினைக்கவேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு, எத்தனை நோயாளி, எத்தனை விலைப்பட்டியல்; ஒரு வேலை முடிய முன்பு எத்தனை நாள், இப்போது எத்தனை நாள்; எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள். எல்லா வேலையிலும் எண்ணத்தக்கது ஏதாவது இருக்கும். துல்லியமாகத் தெரியாவிட்டால் ‘சுமார்’ போடுங்கள். ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்று நேர்காணலில் கேட்டால் விளக்க முடியவேண்டும். முடியாத எண்ணை எழுதாதீர்கள். பழைய நிறுவனத்தின் வருமானம், வாடிக்கையாளர் பெயர் போன்றவற்றையும் வெளியிடாதீர்கள். இன்று அவர்கள் ரகசியத்தை எங்களிடம் சொல்பவர் நாளை எங்கள் ரகசியத்தை யாரிடம் சொல்வாரோ என்றுதான் படிப்பவர் நினைப்பார். அங்கே சதவீதமோ விகிதமோ போதும்.

வலப்பக்கம் நிரம்பியதும், வட்டமிட்ட தேவைகளோடு பொருந்தும் இரண்டு சான்றுகளைத் தேர்ந்தெடுங்கள். மிஞ்சினால் மூன்று. அதற்குமேல் போனால் எதுவும் மனதில் நிற்காது. கட்டாயத் தேவைகளில் பாதிக்குக்கூட வலப்பக்கம் எதுவும் இல்லையென்றால், அந்த நேரத்தை வேறொரு விண்ணப்பத்துக்குச் செலவிடுவது நல்லது. 5 ஆண்டு அனுபவம் கேட்டு உங்களிடம் 4 இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். சட்டப்படி தேவையான உரிமமோ பதிவோ கேட்டு அது உங்களிடம் இல்லையென்றால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும்.

கேட்பவரின் தேவையை முன்னால் வைத்து எழுதுவது புதிய உத்தி ஒன்றும் இல்லை. சுமார் 1482-இல் லியனார்டோ டா வின்சி, மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. எண் போட்டு வரிசைப்படுத்திய பட்டியல் அது. தூக்கிச் செல்லத்தக்க பாலங்கள், முற்றுகையில் அகழி நீரை வடிக்கும் வழி, பீரங்கிகள், மூடிய வண்டிகள் என்று பெரும்பகுதியும் போர்க்கருவிகள். ஓவியம் வரைவேன் என்பது கடைசியில்தான் வருகிறது. போர் பயம் உள்ள ஆட்சியாளருக்கு முதலில் என்ன வேண்டும் என்று பார்த்து எழுதியிருக்கிறார். சந்தேகம் இருந்தால் செய்து காட்டத் தயார் என்றும் முடிக்கிறார்.

கடிதத்தின் உடல்

ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. ஆங்கிலத்தில் எழுதினால் 250 முதல் 350 சொற்கள். தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் 180 முதல் 250 சொற்களிலேயே அதே அளவு செய்தி அடங்கிவிடும். ஏ4 தாள், நான்கு பக்கமும் 2.5 செ.மீ. ஓரம், 11 புள்ளி எழுத்து. இடம் போதவில்லை என்று எழுத்தை 9 புள்ளிக்குச் சுருக்குவதைவிட ஒரு பத்தியை வெட்டுவது மேல். விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் எழுதுங்கள்.

யாருக்கு என்பது அடுத்த கேள்வி. விளம்பரத்தில் பெயர் இருந்தால் அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். இல்லையென்றால் நிறுவனத்தின் இணையதளத்திலோ லிங்க்ட்இன்னிலோ தேடுங்கள். அலுவலகத்துக்குப் போன் செய்து ‘இந்தப் பணிக்கான விண்ணப்பத்தை யார் பெயருக்கு அனுப்பவேண்டும்?’ என்று கேட்பதும் தவறில்லை. 10 நிமிடத்தில் கிடைக்காவிட்டால் விட்டுவிட்டுப் பதவிப் பெயரைப் போடுங்கள்: ‘மனிதவள மேலாளர் அவர்களுக்கு’. பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகித்து ‘ஐயா’ போடுவது ஆபத்து. தமிழில் ‘அவர்களுக்கு’ இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. ஆங்கிலக் கடிதத்தில் ‘டியர்’ என்பதற்குப் பின் முழுப் பெயரை மட்டும் எழுதினால் போதும்.

முதல் பத்தியில்தான் பெரும்பாலான கடிதங்கள் விழுகின்றன. ‘தங்களின் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்றும் வாய்ப்பை வேண்டி இக்கடிதத்தை எழுதுகிறேன்’ என்ற வரியில் படிப்பவருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. எந்தப் பணி, விளம்பர எண் என்ன, எங்கே பார்த்தீர்கள் என்பதை ஒரே வரியில் முடியுங்கள். அடுத்த வரியிலேயே உங்கள் வலுவான சான்றைத் தொடங்குங்கள். அங்கே வேலை செய்யும் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது என்றால், அவருடைய சம்மதத்தைக் கேட்டுவிட்டு அவர் பெயரை முதல் வரியிலேயே போடுங்கள். கேட்காமல் போட்டால் மேலாளர் அவரிடம் விசாரிக்கும்போது இருவருக்கும் சங்கடம்.

நடுப் பத்திகளில் பயோடேட்டாவை மறுபடி வாசிக்காதீர்கள். பயோடேட்டா எங்கே, எப்போது, என்ன பதவி என்பதைச் சொல்கிறது. எப்படிச் செய்தீர்கள் என்பதைச் சொல்ல அதில் இடமில்லை, கடிதத்தில் இருக்கிறது.

‘ஏன் இந்த நிறுவனம்?’ என்பதற்கு ஒரு வாக்கியம் போதும், ஆனால் அது உண்மையாக இருக்கவேண்டும். சோதிக்க ஒரு வழி உண்டு. அந்த வாக்கியத்தில் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு அதன் போட்டியாளரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். ‘துறையில் முன்னணி’, ‘வளர்ச்சிக்கு வாய்ப்பு’ எல்லாம் அப்படித்தான் அடிபடும். எழுத எதுவும் கிடைக்கவில்லையா, அந்தப் பகுதியே வேண்டாம். பொய்ப் பாராட்டைவிட மௌனம் நன்று.

கடைசிப் பத்தியில் எப்போது சேர முடியும், எந்த நேரத்தில் எந்த எண்ணில் கிடைப்பீர்கள் என்பவை வரவேண்டும். ‘ஒரு வாய்ப்புக் கொடுத்தால் என்றும் நன்றியுடன் இருப்பேன்’ என்ற வரி விடுப்பு விண்ணப்பத்தின் மிச்சம்.

ஒரு மாதிரி. விளம்பரம் கிடங்கு மேற்பார்வையாளருக்கானது என்று வைத்துக்கொள்வோம். இருப்புக் கணக்கு ஒத்துப்போகவேண்டும் என்பது இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டு ஷிஃப்ட் ஆட்களை நடத்தவேண்டும், விரைவில் புதிய மென்பொருளுக்கு மாறப்போகிறோம் என்றும் இருக்கிறது.

> பொருள்: கிடங்கு மேற்பார்வையாளர் பணி, விளம்பர எண் 114
>
> கிடங்கு மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.
>
> உங்கள் இணையதளத்தில் வந்த மேற்கண்ட விளம்பரத்துக்காக எழுதுகிறேன். சுமார் 6,000 வகை உதிரிபாகங்கள் உள்ள கிடங்கில் 4 ஆண்டுகளாக இருப்புக் கணக்குக்குப் பொறுப்பாக இருக்கிறேன்.
>
> நான் சேர்ந்தபோது ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே கணக்கெடுப்பு நடந்தது. 100 வகைக்கு 7 வரை கணக்கு உதைத்தது. வேகமாக நகரும் 400 வகைகளைப் பிரித்து, தினமும் 20 வீதம் எண்ணும் முறையைக் கொண்டுவந்தேன். திரும்பி வரும் பொருள்களைப் பதிவு செய்யாமல் அடுக்கில் வைப்பதே வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் என்று அதில் தெரிந்தது. அவற்றுக்குத் தனி மேசை ஒதுக்கினேன். 8 மாதங்களில் அந்த 400 வகைகளில் வேறுபாடு 100-க்கு 2 ஆகக் குறைந்தது.
>
> இரண்டு ஷிஃப்டுகளில் 14 பேரின் பணியை இப்போது கவனிக்கிறேன். ஷிஃப்ட் மாறும்போது நிலுவையில் உள்ளவற்றை எழுதிக் கையொப்பமிட்டு ஒப்படைக்கும் ஒரு பக்கப் படிவத்தை நடைமுறைப்படுத்தினேன். ‘எனக்குத் தெரியாது, முந்தின ஷிஃப்ட்காரரைக் கேளுங்கள்’ என்ற பதில் அதன்பின் நின்றது.
>
> புதிய மென்பொருளுக்கு மாறுவதை முழுதாக நடத்திய அனுபவம் எனக்கு இல்லை. பொருள் குறியீடுகளைச் சீர்செய்து தரவு ஏற்றும் பகுதியில் 3 மாதம் வேலை செய்திருக்கிறேன்.
>
> 30 நாள் முன்னறிவிப்பில் பணியில் சேர முடியும். மாலை 5 மணிக்குப் பின் கீழே உள்ள எண்ணில் பேசலாம்.
>
> இப்படிக்கு,

மூன்று தேவைகளுக்கும் பதில் வந்துவிட்டது. அவர்கள் இரண்டு முறை சொன்னதற்கு அதிக இடம், ஒருமுறை சொன்னதற்குக் குறைவான இடம். மென்பொருள் பற்றிய ‘இல்லை’யைச் சிலர் வெட்டச் சொல்வார்கள். நேர்காணலில் எப்படியும் வெளிவரும் குறைதான், அதோடு தொடர்புடைய வேலை ஒன்றையும் பக்கத்திலேயே சொல்ல முடிகிறது என்றால் வெட்டவேண்டியதில்லை. மற்ற வரிகள்மீது நம்பிக்கை வர அந்த ஒரு ‘இல்லை’ உதவும். தொடர்பே இல்லாத குறைகளைத் தேடிப்பிடித்து ஒப்புக்கொள்வதோ தேவையற்றது.

இடறும் இடங்கள்

முதல் வேலை தேடுபவருக்குச் சான்று இல்லை என்பதில்லை. கல்லூரித் திட்டப்பணி, பகுதிநேர வேலை, தன்னார்வப் பணி, வீட்டுத் தொழிலில் கணக்குப் பார்த்தது எல்லாம் நிலைமை, செயல், விளைவு என்று சொல்லத்தக்கவை. மதிப்பெண்களைக் கடிதத்தில் விவரிக்கவேண்டாம், அவை பயோடேட்டாவில் இருக்கின்றன.

பணியில் இடைவெளி இருந்தால், ஒரு வருடத்துக்குக் குறைவான பழைய இடைவெளியைக் கடிதத்தில் எடுக்கவே வேண்டாம். அதைவிட நீண்டதோ, இப்போதும் தொடர்வதோ என்றால் ஒரு வாக்கியம்: ‘குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க 2 ஆண்டுகள் பணியிலிருந்து விலகியிருந்தேன்; இப்போது முழுநேரம் பணியாற்றத் தயார்.’ நோயின் பெயர், குடும்ப விவரம் எதுவும் வேண்டாம். பழைய மேலாளரைக் குறை சொல்வதை எந்தச் சூழலிலும் எழுத்தில் வைக்காதீர்கள். நியாயம் உங்கள் பக்கமே இருந்தாலும், ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு யாரும் தீர்ப்பு எழுதமாட்டார்கள்.

துறை மாறுபவர் பழைய துறையின் கலைச்சொற்களை மாற்றவேண்டும். ஆசிரியராக இருந்து நிறுவனப் பயிற்சியாளர் பணிக்குப் போகிறவர் ‘பாடத்திட்டம்’ என்றால் படிப்பவர் பள்ளிக்கூடத்தைத்தான் நினைப்பார். ‘40 பேருக்கான 12 வாரப் பயிற்சியை வடிவமைத்து, வாராவாரம் தேர்ச்சியை அளந்தேன்’ என்றால் அதே வேலை அவர்கள் மொழியில் வந்துவிடும்.

சம்பள எதிர்பார்ப்பை விளம்பரம் கேட்டால் மட்டும் எழுதுங்கள். ஒற்றை எண்ணைவிட ஒரு வரம்பு நல்லது. கீழ் எண் உங்களுக்கு உண்மையிலேயே சம்மதமானதாக இருக்கட்டும், பேச்சு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். கேட்டும் எழுதாமல் விட்டால் ‘சொன்னதைப் படிக்காதவர்’ என்ற கணக்கில் சேர்ந்துவிடுவீர்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிய கடிதங்கள் இப்போது குவிகின்றன. அதே விளம்பரத்தை அதே கருவியிடம் கொடுத்துப் பலரும் வாங்கும்போது எல்லாக் கடிதமும் ஒரே குரலில் ஒலிக்கிறது. பிழை பார்க்கவும் நீளத்தைக் குறைக்கவும் அதைப் பயன்படுத்தலாம். சான்றுகளை அது தன் மனம்போல் சேர்த்திருக்கிறதா என்று மட்டும் வரிவரியாகப் பாருங்கள். நீங்கள் செய்யாத சாதனையை உங்கள் பெயரில் எழுதிவைக்க அது தயங்காது.

அனுப்புவது

வேறு வடிவம் கேட்காதவரை பிடிஎஃப். வேர்டு கோப்பு இன்னொரு கணினியில் திறக்கும்போது எழுத்துரு மாறி, ஒரு பக்கக் கடிதம் ஒன்றேகால் பக்கமாகிவிடும். தமிழில் எழுதினால் யூனிகோடு எழுத்துருவைத்தான் பயன்படுத்தவேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். பிடிஎஃப் ஆக்கியபின் கைபேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது உங்கள் பெயர், பதவி, ‘கவர் லெட்டர்’ என்ற மூன்றும் இருக்கட்டும். ‘புதிய கடிதம் இறுதி 3’ என்ற பெயரில் வரும் கோப்பை ஒரு வாரம் கழித்து யாராலும் தேடி எடுக்க முடியாது. மின்னஞ்சலின் பொருள் வரியில் பதவி, விளம்பர எண், உங்கள் பெயர். இணைப்பாகக் கேட்டிருந்தால் மின்னஞ்சலின் உடலில் மூன்று வரி மட்டும் எழுதி, கடிதத்தை இணையுங்கள். எதுவும் சொல்லவில்லையென்றால் கடிதத்தை உடலிலேயே வைப்பது நல்லது. திறக்கவேண்டிய கோப்பு ஒன்று குறைகிறது. அப்போது அஞ்சல் முகவரி, தேதி எல்லாம் மேலே தேவையில்லை. தொலைபேசி எண் கையொப்பத்தின் கீழ் வரட்டும்.

இணையப் படிவத்தில் ஒட்டும்போது தடித்த எழுத்தும் புள்ளிப் பட்டியலும் சிதையும். முதலில் நோட்பேடு போன்ற வெற்று உரைச் செயலியில் ஒட்டி, பத்திகளுக்கிடையே ஒரு வெற்று வரி விட்டு, பிறகு படிவத்தில் ஒட்டுங்கள். எழுத்து வரம்பு இருந்தால் அதைத் தாண்டியதைப் படிவம் சொல்லாமலே வெட்டிவிடலாம், ஆகவே கடைசி வரி இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பங்களை மென்பொருள் வடிகட்டும் நிறுவனங்களில் படமாக வைத்த எழுத்து, உரைப்பெட்டி, தாளின் தலைப்புப் பகுதி ஆகியவற்றில் உள்ளவை படிக்கப்படாமல் போகலாம். தொலைபேசி எண்ணை அங்கே மட்டும் வைக்காதீர்கள்.

பெறுநர் முகவரியைக் கடைசியில்தான் நிரப்பவேண்டும். பாதிக் கடிதம் தவறிப் பறந்துபோவதைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை. அதற்குமுன் கடிதத்தை வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். பிறகு நிறுவனத்தின் பெயர், பதவி, விளம்பர எண், இணைப்பு ஆகிய நான்கை மட்டும் தனியாகச் சரிபாருங்கள். போன வாரம் விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயர் இந்த வாரக் கடிதத்தில் எட்டிப்பார்ப்பதுதான் மன்னிப்பே இல்லாத பிழை. பழைய கடிதத்தைத் திருத்தி எழுதும் ஒவ்வொருவருக்கும் அது என்றாவது நேரக்கூடியது.

நேர்காணலுக்குப் பின்

நன்றிக் கடிதத்துக்கான வேலை நேர்காணல் அறையைவிட்டு வெளியே வந்த முதல் 10 நிமிடத்தில் தொடங்குகிறது. எங்காவது உட்கார்ந்து, யார் யார் இருந்தார்கள், அவர்கள் பதவி என்ன, எந்தக் கேள்வியில் அதிக நேரம் நின்றார்கள், நீங்கள் எதில் தடுமாறினீர்கள், அடுத்த கட்டம் எப்போது என்றார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலைக்குள் பாதி மறந்துவிடும். குறிப்பு இல்லாமல் எழுதும் நன்றி ‘உங்கள் பொன்னான நேரத்துக்கு நன்றி’ என்ற இடத்திலேயே நின்றுபோகும். புறப்படும் முன் ‘உங்களை மின்னஞ்சலில் தொடர்புகொள்ளலாமா?’ என்று கேட்டு முகவரி வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் மனிதவளப் பிரிவு (எச்.ஆர்.) மூலம் சேர்க்கச் சொல்லலாம்.

24 மணி நேரத்துக்குள் போகவேண்டும். காலையில் நேர்காணல் என்றால் அன்று மாலை, மாலையில் என்றால் மறுநாள் காலை. வாசலைத் தாண்டியதும் கைபேசியில் அனுப்பினால் முன்பே எழுதிவைத்தது போலிருக்கும். மூன்று நாள் கழித்து அனுப்பினால் முடிவு எடுத்திருப்பார்கள். மின்னஞ்சல்தான் உகந்த வழி. வாட்ஸ்ஆப், அவர்களே அதில் உங்களோடு பேசிவந்திருந்தால் மட்டும். இனிப்பு, பூங்கொத்து, பரிசு எதுவும் கூடாது. தேர்வு செய்பவருக்கு அது லஞ்சம் போலத் தோன்றும், அவருடைய நிறுவன விதிகளும் தடுக்கலாம்.

அளவு 100 முதல் 150 சொற்கள். முதல் வரியில் நன்றி, எந்தப் பணி என்பதோடு. அடுத்து, பேசியதில் உங்கள் மனதில் நின்ற ஒரு குறிப்பிட்ட விஷயம். அதன்பின் அதோடு தொடர்புடைய புதிய செய்தி ஒன்று: விடுபட்ட விவரம், அவர்கள் கேட்ட ஆவணம், அரைகுறையாகச் சொன்ன பதிலின் மீதி. முடிவில் இந்தப் பணியில் ஆர்வம் இருக்கிறது என்பது. கடிதத்தின் மதிப்பு அந்தப் புதிய செய்தியில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் மரியாதை.

மேலே சொன்ன கிடங்கு மேற்பார்வையாளர் நேர்காணலுக்குப் போய்வந்ததாக வைத்துக்கொள்வோம். மென்பொருள் மாறும் நாளில் கணக்கு குழம்பாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்ற கேள்வியில் அவர் திணறினார்.

> பொருள்: நன்றி – கிடங்கு மேற்பார்வையாளர் நேர்காணல்
>
> வணக்கம்.
>
> கிடங்கு மேற்பார்வையாளர் பணி பற்றி இன்று காலை என்னுடன் பேசியதற்கு நன்றி. திரும்பி வரும் பொருள்களால் உங்களுக்கும் கணக்கு உதைக்கிறது என்று நீங்கள் சொன்னது, இந்தப் பணியில் முதலில் எங்கே கைவைக்கவேண்டும் என்பதைக் காட்டியது.
>
> மென்பொருள் மாறும் நாள் பற்றிய உங்கள் கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்லவில்லை. முந்தின நாள் மாலையே பொருள் நகர்வை நிறுத்தி, வேகமாக நகரும் வகைகளை மட்டும் எண்ணிப் பழைய கணக்கோடு ஒப்பிடுவேன். அந்தப் பட்டியலை அச்சிட்டு வைத்து, முதல் 2 வாரம் தினமும் 20 வகைகளைப் புதிய கணக்கோடு சரிபார்ப்பேன். பிழை எந்த நாளில் நுழைந்தது என்பதை அப்போது எளிதில் பிடித்துவிடலாம்.
>
> ஒப்படைப்புப் படிவத்தின் மாதிரியைக் கேட்டிருந்தீர்கள். வெற்றுப் படிவத்தை இணைத்திருக்கிறேன். இந்தப் பணியில் சேர ஆர்வமாக இருக்கிறேன்.

தடுமாறிய பதிலைச் சரிசெய்வது ஒரே ஒரு கேள்விக்குத்தான். மூன்று பதில்களைத் திருத்தினால் மூன்றுமே சரியில்லாமல் போயின என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகும். ‘பதற்றத்தில் சொல்லமுடியவில்லை’ என்ற சமாதானமும் வேண்டாம், பதிலை மட்டும் எழுதுங்கள். சம்பளம், விடுமுறை, வீட்டிலிருந்து வேலை போன்ற பேரங்களுக்கு இது இடமில்லை.

நேர்காணல் குழுவில் மூன்று பேர் இருந்தால் மூவருக்கும் தனித்தனியாக, ஒவ்வொருவரும் கேட்டதைத் தொட்டு எழுதுங்கள். ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பினால், ஒருவர் மற்றவருக்கு முன்னனுப்பும்போது குட்டு உடையும். பத்துப் பேர் குழு என்றால் தலைமை வகித்தவருக்கு ஒரு கடிதம், மற்றவர்களுக்கும் நன்றியைத் தெரிவிக்கும்படி ஒரு வரி. தொலைபேசியில் நடந்த முதல்கட்டப் பேச்சுக்கு மூன்று வரி போதும்.

அனுப்பக்கூடாத சூழலும் உண்டு. அரசுத் தேர்வாணையங்கள் போன்ற இடங்களில் தேர்வுக்குழுவைத் தனிப்பட்ட முறையில் தொடர்புகொள்வதை விதி தடுத்திருக்கலாம், அதற்காகவே விண்ணப்பம் தள்ளுபடியாகவும் கூடும். அறிவிக்கையில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேசாமல் இருந்துவிடுங்கள்.

‘வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறோம்’ என்றவர்கள் சொல்லவில்லையென்றால், அந்த நாள் கடந்து 2 அல்லது 3 வேலை நாள் பொறுத்து, முந்தைய நன்றிக் கடிதத்துக்கே பதிலாக இரண்டு வரி எழுதுங்கள். பழைய பேச்சு கீழேயே இருப்பதால் நீங்கள் யார் என்று அவர் தேடவேண்டியதில்லை. நாள் எதுவும் சொல்லாதபோது ஒரு வாரம் பொறுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் கழித்து ஒரே ஒருமுறை கேட்கலாம், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதற்கிடையில் வேறு நிறுவனத்திலிருந்து வேலை உறுதியானால் அதை மிரட்டலாக எழுதாமல் தகவலாக எழுதுங்கள்: ‘வேறோர் இடத்தில் 15-ஆம் தேதிக்குள் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. உங்கள் முடிவு அதற்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும்.’ அப்படி ஒரு வேலை கையில் இல்லாமல் இதை எழுதாதீர்கள். ‘சரி, அங்கேயே சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று பதில் வந்தால் திரும்பி நடக்க வழியிருக்காது.

தேர்வாகவில்லை என்று தெரியவந்தால், அதற்கும் நான்கு வரியில் ஒரு நன்றி போகலாம். முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லாமல், காரணத்தைத் துருவாமல், ‘என் அனுபவத்தில் எது குறைவாகத் தோன்றியது என்று நேரம் இருந்தால் சொல்லுங்கள்’ என்று ஒரே கேள்வி. பலர் பதில் எழுதமாட்டார்கள். தேர்வானவர் வந்து சேராமல் போவதும், ஒரே மாதத்தில் விலகுவதும் நடப்பதுதான். அப்போது புது விளம்பரம் போடுவதற்குமுன் பழைய பட்டியலைப் புரட்டுவார்கள். அந்தக் கடிதத்தில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும்.